விளையாட்டு அறைக்குள் ஊசி

முலுண்ட்
8 ஜூலை 2024, திங்கள்

அக்காவுக்கு,

என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். அத்தான் போனில் கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் பேப்பரில் எழுதுகிறேன். தாராவி முனிசிபல் பள்ளியில் ஏழாவதோடு நின்றுபோன தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். சாப்பாட்டுக் கேரியரோடு அத்தான் இதைக் கொடுப்பார்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை நடந்ததை நீ கொலைக்குற்றம் ஆக்கிவிட்டாய். வார்டு வாட்ச்மேனிடம் என் போட்டோவைக் காட்டி, உள்ளே விடாதே என்று சொல்லியிருக்கிறாய். நேற்று அவன் எல்லோரும் பார்க்க என் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினான். அதே ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் மருந்து ஏற்றும் பம்புகளை சர்வீஸ் செய்கிறவன் நான். கம்பெனி ஐடி கார்டு கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் என்ன செய்துவிட்டேன்? உன் மகள் இஷிகாவின் தொடை எலும்புக்குள் சீழ். மருந்து கேட்கிறதா என்று ரத்தம் பார்த்தால்தான் தெரியும். ஊசி போடும் அறையில் அவள் துள்ளிய துள்ளலில் இரண்டு தடவையும் நரம்பு தப்பிவிட்டது. நர்ஸ் பிரதர் சலித்துப்போய் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார். மருந்தை மாற்றவேண்டியிருந்தால் இரண்டு நாள் வீண். அதே பிள்ளை, கொஞ்ச நேரம் கழித்து விளையாட்டு அறையில் பொம்மைக்கு ஊசி போட்டுக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். அலறுகிற இடத்தில் ரத்தம் எடுப்பதா, அமைதியாக இருக்கிற இடத்தில் எடுப்பதா? எந்த இஞ்சினியரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

பிரதரிடம் ட்ரேயைத் துண்டால் மூடிக் கொண்டுவரச் சொன்னேன். அவளை மடியில் வைத்து, "ஏட்டி, பொம்மைக்கு நாம ரெண்டு பேரும் சேந்து ஊசி போடுவமா?" என்றேன். வந்து உட்கார்ந்தாள். காது குத்தும்போதும் என் மடிதான். மாமன் மடி என்றால் பிள்ளை அழாது என்று அன்றைக்கு ஊரையே கூட்டிச் சொன்னவள் நீ. பிறகு பிடித்துக்கொண்டேன். ஒரே குத்து, ரத்தம் வந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்து மருந்தையும் மாற்றிவிட்டார்கள். வேலை முடிந்ததா இல்லையா?

மற்றப் பிள்ளைகள் அழுததற்கு நான் பொறுப்பில்லை. அந்த விளையாட்டு அறை சஃப்ரீன் மேடம், "என் ரூமை நாசம் பண்ணிட்டீங்க" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். உடைந்த கிச்சன் செட், நாலு பொம்மை, கொஞ்சம் களிமண். இதற்கு ஒரு ரூம், அதற்கு ஒரு மேடம். என்ன நாசம் ஆகிவிடும்?

அந்த நேரத்தில் நீ எங்கே நின்றாய் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

கோபம் ஆறியதும் அன்பிளாக் பண்ணு.

நாகராஜ்


குழந்தைகள் வார்டு
10 ஜூலை, புதன்

தம்பி நாகராஜுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கிழிக்கலாம் என்று நினைத்தேன், கிழிக்கவில்லை. நாளைக்கு உனக்கே காட்டலாம் என்று வைத்திருக்கிறேன்.

வேலை முடிந்ததா என்று கேட்டிருக்கிறாய். முடிந்தது. நன்றாகவே முடிந்தது. இஷிகா இப்போது யார் மடியிலும் உட்காருவதில்லை. அவள் அப்பா மடியில்கூட. இரண்டு கையையும் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு தூங்குகிறாள். நேற்று அவள் முகத்தைக் கழுவிவிட்டுத் துடைக்கத் துண்டை எடுத்தேன். படுக்கையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். துண்டு, நாகராஜ். வெறும் துண்டு.

நாலு பொம்மை என்று எழுதியிருக்கிறாய். அந்த ரூமுக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது: உள்ளே யாரும் யாரையும் குத்தக்கூடாது. டாக்டர் வந்தாலும் கோட்டைக் கழற்றி வெளியே மாட்டிவிட்டுத்தான் வருவார். இந்த வார்டில் பிள்ளைகள் மூச்சு விட்டதே அங்கேதான். பக்கத்து பெட் ஹபீபாவின் மகள் வந்த புதிதில் வாயே திறக்காமல் கிடந்தாள். சஃப்ரீன் மேடம் அவளைப் பொம்மைக்குக் கட்டுப்போட வைத்துத்தான் பேசவே வைத்தார். இப்போது அந்தக் கதவைப் பார்த்தாலே அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். ரூம் காலியாகக் கிடக்கிறது. சும்மா கிடப்பதை ஸ்டோர் ரூம் ஆக்கிவிடலாம் என்று மேட்ரன் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

ஆனால் என் பயம் அதுகூட இல்லை. இஷிகா இப்போது துள்ளுவதில்லை. ரத்தம் எடுக்க வந்தால் கட்டை மாதிரி கிடக்கிறாள். பிரதருக்கு ரொம்ப சந்தோஷம். டாக்டர் காலை அமுக்கி "துக்தா ஹை?" என்று கேட்டால், பல்லைக் கடித்துச் சிரித்துக்கொண்டு "நஹி" என்கிறாள். வலிக்கவில்லையாம். புரண்டு படுக்கும்போது அவள் தலையணையைக் கடிப்பதை நான் பார்க்கிறேன். டாக்டரிடம் சொன்னேன். "பச்சி டீக் போல்தி ஹை, டென்ஷன் மத் லோ", பிள்ளை சரியாகத்தான் சொல்கிறாள், டென்ஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வலி என்று சொன்னால் ஊசி வரும். விளையாட்டு என்றாலும் ஊசி வரும். நீ சொல்லிக்கொடுத்த பாடம் இது. உள்ளே இருக்கிற சீழை அந்தப் பிள்ளை ஒளித்துவைத்துக்கொண்டிருக்கிறது. இதற்கு உன் இஞ்சினியர்கள் என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

முத்துமாரி


முலுண்ட்
13 ஜூலை, சனி

அக்காவுக்கு,

துண்டு விஷயம் எனக்குத் தெரியாது.

முதலில் நீண்ட கடிதம் ஒன்று எழுதினேன். படித்துப் பார்த்தால் முழுக்க நான் ஏன் சரி என்பதுதான் இருந்தது. கிழித்துவிட்டேன்.

எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. பொருள் செய்யத் தெரியும். கழித்துப் போட்ட ஒரு பழைய பம்பிலிருந்து மேல்மூடி, பட்டன்கள், திரை எல்லாம் எடுத்து விளையாட்டுப் பம்பு ஒன்று செய்திருக்கிறேன். ஊசி கிடையாது, மருந்து கிடையாது, பேட்டரிதான். பொம்மைக்கு மாட்டலாம். பச்சை விளக்கு எரியும், எண் ஓடும். தன் கட்டில் பக்கத்தில் இருபத்துநாலு மணி நேரமும் நிற்கிற பெட்டி என்ன செய்கிறது என்று தெரிந்தால் பயம் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். தெரியாததற்குத்தானே பயப்படுவோம்?

அத்தானிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் செய்தது என்று சொல்லவேண்டாம். மழையில் குர்லாவில் ட்ரெயின் நின்றுவிட்டது. தண்டவாளத்தில் இறங்கி நடந்து வந்து அவரிடம் சேர்த்தேன். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. இல்லை, பெருமைக்காகத்தான் எழுதுகிறேன்.

வலிக்கவில்லை என்று இன்னும் சொல்கிறாளா?

நாகராஜ்


குழந்தைகள் வார்டு
16 ஜூலை, செவ்வாய்

நாகராஜுக்கு,

உன் மெஷின் வந்தது. சஃப்ரீன் மேடம் பிள்ளைகளை எப்படியோ பேசி, ரூமுக்குள் வேண்டாம், வராந்தாவிலேயே விளையாடலாம் என்று பாயை விரித்து உட்காரவைத்திருந்தார். ஹபீபாவின் மகள் பட்டனை அமுக்கினாள். பச்சை விளக்கு எரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அது கத்த ஆரம்பித்தது. நிஜ மெஷின் கத்துகிற அதே கத்து. அலாரத்தையும் சேர்த்தா வைப்பாய்? நர்ஸ்கள் இரண்டு பேர் உள்ளே ஓடி ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தார்கள். பிள்ளைகள் கூட்டமாக அழுதார்கள். இஷிகா நடக்க முடியாத காலை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள்.

உன் அத்தான் அதைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போகும்போது சொன்னார்: "ஒன் தம்பிக்கு மூளைய கம்பெனிலயே பிட் பண்ணி விட்டுட்டானுவ போல. மனுசப் பார்ட் ஸ்டாக் இல்ல." எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாள் கழித்து. சிரித்த பிறகு அழுகை வந்தது.

ஒன்றை எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது.

அன்றைக்கு சஃப்ரீன் மேடம் ரூமை விட்டு ஏன் போனார்? மேட்ரன் கூப்பிடுகிறார் என்று நான்தான் சொன்னேன். யாரும் கூப்பிடவில்லை. நீ கண்ணைக் காட்டினாய், நான் பொய் சொன்னேன். துண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பிறகு வெளியே வந்து கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். இஷிகா உன்னைக் கூப்பிடவில்லை, அய்யோ என்றுகூடச் சொல்லவில்லை. "அம்மா" என்றுதான் கத்தினாள். எனக்குக் கேட்டது. நான் கதவை விடவில்லை.

உன்னை மட்டும் எல்லோரும் திட்டினார்கள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். வாட்ச்மேனிடம் போட்டோவைக் காட்டினேன். உன்னை வெளியே தள்ளிவிட்டால் நான் உள்ளே இருந்துகொள்ளலாம் அல்லவா? அவள் தலையைத் தடவிக்கொண்டு, "அந்த மாமா இனி வரமாட்டான்டா செல்லம்" என்று சொல்கிறேன். சொல்லும்போது என் வாயே எனக்கு நாறுகிறது.

நீ முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய், யாரிடமும் சொல்லவில்லை என்று. அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. நீ திட்டியிருந்தால் தேவலை.

சஃப்ரீன் மேடத்திடம் நேற்று உண்மையைச் சொல்லிவிட்டேன். "மேட்ரன் கிட்ட ஓடிப்போய் 'கூப்டீங்களா'ன்னு கேட்டு அசிங்கப்பட்டேன்க்கா" என்றார்.

வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டேன், இனி தடுக்க மாட்டான். ஆனால் வார்டுக்குள் வராதே. மேடத்தைப் போய்ப் பார். அவர் எதுவரை வரச் சொல்கிறாரோ அதுவரைக்கும் வா.

இஷிகாவுக்கு மாலையானால் உடம்பு சுடுகிறது. கேட்டால் வலிக்கவில்லை என்கிறாள்.

முத்துமாரி


முலுண்ட்
20 ஜூலை, சனி

அக்காவுக்கு,

நடந்ததை அத்தான் போனில் சொல்லியிருப்பார். அவர் அறைக்கு வெளியே நின்றவர். உள்ளே நடந்ததை நான்தான் சொல்லவேண்டும். நீ வீட்டுக்குக் குளிக்கப் போயிருந்த நேரத்தில் இதெல்லாம் நடந்தது. வேண்டுமென்று அந்த நேரம் பார்த்து வரவில்லை.

சஃப்ரீன் மேடத்தை முந்தாநாளே மாட்டுங்கா ஸ்டேஷன் வெளியே பிடித்தேன். வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்தார்.

"சாரி சொல்ல வந்தீங்களா, ஐடியா சொல்ல வந்தீங்களா?" என்றார்.

"ரெண்டும்."

"ஐடியாவ அப்படியே மூட்டை கட்டி வெச்சிருங்க. ஒங்க அலாரம் இன்னும் என் காதுல கேக்குது."

அப்படியென்றால் அவளிடம் என்ன சொல்வது, என்ன விளையாடுவது, எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டேன். எனக்கு ஒரு முறை வேண்டும், ஒன்று இரண்டு மூன்று என்று. "எனக்கு மந்திரமா தெரியும்? நானும் படிச்சதை வெச்சுத் தடவிக்கிட்டுத்தான் போறேன். அவ என்ன விளையாடுறாளோ அதுல இருங்க. நீங்க நடத்தாதீங்க. சனிக்கிழமை ரூமுக்கு வாங்க" என்றார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்த ரூமில் இப்போது புதுச் சட்டம் வந்திருக்கிறது, உனக்குத் தெரிந்திருக்கும். பெரியவர்கள் யார் போனாலும் வாசலில் பிள்ளைகள் சோதனை போடுகிறார்கள். அப்படிச் செய்த பிறகுதான் ஒவ்வொருவராக உள்ளே வர ஆரம்பித்தார்களாம். இன்று வாசலில் இஷிகா, வீல்சேரில். என் முகத்தைப் பார்க்கவில்லை. பாக்கெட்டுக்குள் கையை விட்டாள். டெஸ்டர், பேனா, பர்ஸ், ஐடி கார்டு எல்லாவற்றையும் எடுத்துப் பிஸ்கட் டப்பாவில் போட்டாள். பெல்ட்டைக்கூடக் கழற்றச் சொன்னாள். ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

"நீ பேஷண்ட். படு."

படுத்தேன். ஹபீபாவின் மகளும் இன்னும் இரண்டு பேரும் என் கை காலை அமுக்கிப் பிடித்தார்கள். எழுந்திருக்க முடியாத பிடி ஒன்றும் இல்லை. ஆனாலும் கையை உருவப் பார்த்தேன். இஷிகா, ஊசி இல்லாத சிரிஞ்சைத் துண்டால் மூடிக் கொண்டுவந்தாள். "ஒண்ணும் இல்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான். ஆடாத. ஆடுனா இன்னொரு தடவ" என்றாள். அக்கா, அது என் குரல். ஒரு எழுத்து மாறவில்லை. நான் அப்படியா பேசினேன் என்று கேட்க ஆள் தேடினேன்.

சிரிஞ்சை முழங்கையில் வைத்து அழுத்தினாள். "வலிக்கா?" என்றாள். வழக்கம்போல "ச்சே, வலிக்கவே இல்ல" என்று சிரித்தேன். "ஜூட்டா" என்றாள், பொய்யன். திரும்பவும் அழுத்தினாள். திரும்பவும் கேட்டாள். எத்தனை தடவை என்று தெரியாது. கடைசியில் "வலிக்கு" என்றேன். "இன்னும் சத்தமா." "வலிக்கு, இஷிகா." அப்போதுதான் பிடியை விடச் சொன்னாள். கை வலித்தது பொய்யில்லை.

பிறகு பிளாஸ்டரை ஒட்டினாள். ஒட்டிக்கொண்டே காதருகில் குனிந்து, "மாமா, எனக்கு காலு வலிக்கு. இங்க மேல. ரொம்ப. யார்ட்டயும் சொல்லக் கூடாது. மாரியம்மா மேல சத்தியம் பண்ணு" என்றாள்.

இத்தனை நாளுக்குப் பிறகு என்னை "மாமா" என்கிறாள். சத்தியம் செய்தால் எனக்கு அவள் கிடைத்துவிடுவாள். மெஷினில் அலாரம் அடித்தால் ஊமையாக்க ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் சத்தம் நிற்கும், கோளாறு நிற்காது. அந்தப் பட்டனைத்தான் அவள் என் கையில் கொடுத்தாள். நான் உடனே முடிவெடுத்தேன் என்று நினைக்காதே. சஃப்ரீன் மேடத்தைப் பார்த்தேன். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"சத்தியம் பண்ண மாட்டேன். டாக்டர்ட்ட சொல்லத்தான் போறேன். மொதல்ல ஒன்கிட்ட சொல்லுதேன். திரும்ப ஊசி போடுவாங்க. வலிக்கும். எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியாது. ஆனா இந்த ரூம்ல போட மாட்டாங்க. மூடிக் கொண்டுவர மாட்டாங்க. நீ பாத்துக்கிட்டு இருக்கும்போதுதான் போடுவாங்க" என்றேன்.

அவள் என் முகத்தில் துப்பினாள். டப்பாவை எடுத்து எறிந்தாள். "போ. நீ என் மாமா இல்ல. போ" என்று கத்தினாள். பர்ஸையும் பெல்ட்டையும் பொறுக்காமல் வெளியே வந்து டாக்டரிடம் சொன்னேன். இடம் எது என்பதையும் காட்டினேன். உடனே ஸ்கேனுக்கு எழுதினார். அத்தான் உனக்குப் போன் பண்ணினார்.

அதன் பிறகு நான் அங்கே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஸ்கேனுக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டதும் படியில் இறங்கி ஓடிவந்துவிட்டேன். அவளுடைய ஒரே ரகசியத்தை எடுத்து நீட்டிவிட்டு, அதை அவள் அனுபவிக்கும்போது பார்க்கத் தைரியம் இல்லை. ட்ரெயினில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள். கையில் பூப்போட்ட பிளாஸ்டரும், நழுவுகிற பேண்டும்.

என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

நாகராஜ்


குழந்தைகள் வார்டு
26 ஜூலை, வெள்ளி

தம்பி நாகராஜுக்கு,

மயக்க மருந்து கொடுத்துத் திறந்து சீழை எடுத்தார்கள். அவள் உன்னிடம் சொன்ன அதே இடத்தில்தான் தேங்கியிருந்தது. இடுப்பு மூட்டுக்கு இறங்கத் தொடங்கியிருந்ததாம். தாமதித்திருந்தால் கால் கட்டையாகிப்போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். இரண்டு நாளாகக் காய்ச்சல் இல்லை. இட்லி கேட்டாள்.

வலித்தால் இப்போது சொல்கிறாள். வாயால் இல்லை. சஃப்ரீன் மேடம் அவளுக்கென்று ஒரு துணிப்பொம்மை கொடுத்திருக்கிறார். தனக்கு எங்கே வலிக்கிறதோ அங்கே அந்தப் பொம்மைக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறாள். டாக்டரும் காலையில் முதலில் பொம்மையைத்தான் பார்க்கிறார். சில நாள் பொம்மைக்கு ஆறு ஸ்டிக்கர், சில நாள் ஒன்று.

நேற்று புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தது. அதன் அம்மா, "ஊசியே இல்லடா, சும்மா போட்டோ எடுப்பாங்க" என்று தேற்றிக்கொண்டிருந்தாள். இஷிகா கட்டிலில் இருந்தபடியே, "போடுவாங்க. வலிக்கும்" என்றாள். அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "புள்ளைய எப்படி வளத்து வெச்சிருக்கீங்க?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். எப்படி வளர்த்தேன் என்று எனக்குத் தெரியும்.

நீ ஓடிப்போனதை அவளிடம் சொல்லவில்லை. அவளும் உன்னைக் கேட்கவில்லை. உன் பெல்ட் அவள் தலையணைக்கு அடியில் இருக்கிறது. எறிவதற்கா வைத்துக்கொள்வதற்கா, தெரியாது.

நேற்று மாலை, அவள் பொம்மைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "அன்னைக்கு மாமா மட்டும் இல்லடா. அம்மாவும் வெளிய கதவப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு" என்றேன்.

கட்டுத் துணியை இறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "தெரியும். கதவுக்கு அடியில ஒன் செருப்பு தெரிஞ்சுது" என்றாள்.

அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும், நாகராஜ். தெரிந்துகொண்டேதான் இத்தனை நாளும் என் கையால் சாப்பிட்டாள். நான் உன்னைத் திட்டும்போதெல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

இன்று காலை மருந்துக்குப் புது நரம்பு பார்க்கவேண்டியிருந்தது. பிரதர் ட்ரேயை மூடாமல் கொண்டுவந்து அவளிடம் காட்டினார், ஊசி போடும் அறைக்குப் போகலாமா என்று கேட்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வீல்சேரில் ஏறினாள். அழுதாள். அழுதுகொண்டே கட்டிலுக்கு அடியில் கையை நீட்டி என் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்படியே உள்ளே கொண்டுபோனாள். நான் வெறுங்காலோடு அவள் பின்னாலேயே உள்ளே போனேன்.

முத்துமாரி